மாதா ஊற்றுத் தண்ணீர்

என் பாதத்தைப் பார்க்காதீர்கள், டாக்டர். நடந்து நடந்து அப்படி ஆகிவிட்டது. வருடா வருடம் டிசம்பரில் மாதா கோயில் திருநாளுக்கு அசுன்சியோனிலிருந்து நடந்தே போவேன். கோயில் ஊற்றில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து வருவேன். இங்கே அதைச் செய்யாத வீடு ஏது?

புற்றுநோய்ப் பிள்ளைகள் பிரிவில் பதினெட்டு வருடமாக நர்ஸ். டெர்லிஸின் அம்மா நிமியாதான் முதலில் கேட்டாள்.

“பிளாசிதாக்கா, ஊத்துத் தண்ணி வச்சிருக்கீங்களாமே. எம்புள்ள நெத்தியில ஒரு சொட்டு தொட்டு வைங்க.”

வைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் உங்களோடு தெரெரே குடித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். நோய் ரத்தத்தில் இருக்கிறது, நெற்றியில் தடவி என்ன பயன் என்று எனக்குத் தோன்றியது. மருந்து ஏற்ற நெஞ்சில் பொருத்திய குழாயை உப்புநீரால் கழுவுவோமே, அதில் ஒரே ஒரு சொட்டு சேர்த்தேன். பிறகு கேட்ட மற்ற அம்மாக்களின் பிள்ளைகளுக்கும் அப்படியே. டிசம்பரில் பிடித்த தண்ணீர்; ஏப்ரல் வரை என் அலமாரியில் வெக்கையில் கிடந்தது. குழாயைத் தொடுமுன் மூன்று தடவை கை கழுவுகிறவள் நான்.

டெர்லிஸுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஒரு சொட்டு போதவில்லை என்று நினைத்து இரண்டாக்கினேன். ஐந்தாம் நாள் போய்விட்டான். ஆறு வயது.

“இது தண்ணியில வாழுற கிருமி. இருபது வருஷத்துல எந்தக் குழந்தை ரத்தத்துலயும் நான் பாத்ததில்ல” என்றீர்கள். தொட்டி, குழாயடி, எங்கள் தெரெரேயில் போடும் ஐஸ்வரை சோதித்தீர்கள். மாதிரிக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தவள் நான்தான். என் அலமாரியைத் திறக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை லூர்தெஸின் குழாயில் ஒரு சொட்டு விட்டேன். நன்றாகத் தேறியவள், அடுத்த வாரம் வீட்டுக்குப் போக வேண்டியவள். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் தண்ணீரில் குற்றமில்லை என்று தெரிந்துவிடும்.

சாயங்காலமே நடுங்க ஆரம்பித்தாள். “அத்தை, குளுருது” என்று என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

போத்தல் இதோ. யார் யாருக்கு விட்டேன் என்று இந்தத் தாளில் இருக்கிறது, ஒன்பது பேர். மிச்சமிருப்பவர்களின் குழாய்களை இன்றே எடுத்துவிடுங்கள். லூர்தெஸை முதலில் பாருங்கள்.

மாதா பெயர் கெடக் கூடாதென்றுதான் லூர்தெஸுக்கு அப்படிச் செய்தேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாதாவை யாரும் சந்தேகிக்கவே இல்லையே, டாக்டர்.