இடப்பக்கச் சக்கரத்தில் இரண்டு கீறல்

பெயர் எய்லெர்ட் லாங்நெஸ், தகப்பனார் யூஹான், வயது எண்பத்தாறு, நாட்டின் வடகோடியில், பின்மார்க் கடற்கரையில் ஸ்கார்விக் ஊரில் படகுத்துறைக்கு மேலே உள்ள மஞ்சள் வீட்டில் குடியிருக்கிறேன், முன்பு வண்டிப் பட்டறையில் வேலை. ஏரியில் கிடைத்த கார் சம்பந்தமாகக் காவல் அதிகாரி கேட்டதற்கு நான் சொல்வதாவது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போர் முடிவில் ஜெர்மன்காரர்கள் பின்வாங்கும்போது எங்கள் ஊர்ப் பள்ளியைக் கொளுத்திவிட்டார்கள், அதைத் திரும்பக் கட்டி முடித்தபோது நான் மீன்படகில் இருந்தேன். ஆகவே வருடத்தை எண்ணாகச் சொல்ல வராது. பெட்ரோல் தட்டுப்பாட்டினால் சனி, ஞாயிறுகளில் யாரும் கார் எடுக்கக்கூடாது என்று அரசாங்கம் தடுத்திருந்த குளிர்காலம் ஒன்று உண்டு. அதற்கு அடுத்து வந்த வசந்தம். எங்கள் தேவாலயத்து மணி விரிசல் விட்டதும் அப்போதுதான்.

மே மாதத் தொடக்கம். ஆணி வைத்த குளிர்கால டயர்களைக் கழற்ற வேண்டிய கடைசி வாரம் என்பதால் பட்டறை வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. ஆடு வளர்த்த ஹில்மார் என் வயதுக்காரன், கூட்டாளி. திங்களன்று அவன் காருக்கு நாலு புது டயர் போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள் சுண்ணாம்புக் கட்டியால் சக்கரத்தில் எழுதுவார்கள். எழுத்து தெரியாததால் நான் விளிம்பில் அரத்தால் கீறுவேன், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு இரண்டு. அவன் காரிலும் அப்படியே கீறினேன்.

அதன் பிறகு புதன்கிழமை காலை அவன் திரும்பி வந்தான்.

"என்னய்யா போட்டுக் குடுத்த? கைய எடுத்தா வலப்பக்கமே இழுக்குது. மூணு தடவ பள்ளத்துக்குள்ள போகப் பாத்துச்சு."

பட்டறைக்காரர் தோர்லெய்ஃப் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "வலப்பக்கம் போனா பின்லாந்துதானே ஹில்மாரு. மீன் ஆலையில வேல பாக்குற அந்த பின்லாந்துக்காரி ஊருக்கு ஒனக்கு முந்தியே ஒன் காரு வழி கண்டுபிடிச்சிருச்சு போ" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹில்மாரும் சிரித்தான்.

அதன் பிறகு நான் காற்று அளந்தேன், நாலும் சரியாக இருந்தது. முன்சக்கரங்களின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் சுடும், சுடவில்லை. ஆகவே முன்சக்கரம் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். மாற்றிய பிறகு கார் இடப்பக்கம் இழுத்தால் டயரில் கோளாறு, பழையபடி வலப்பக்கமே இழுத்தால் வண்டியில் கோளாறு. இதைச் சாலையில் ஓட்டிக் கண்டுபிடிக்க முடியாது, மழைநீர் வடிவதற்காகச் சாலையை நாங்கள் ஓட்டுகிற வலப்பக்கமாகச் சரித்துப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஏரி உறைந்த ஐஸ்மேல்தான் ஓட்டிப் பார்ப்போம். எப்போதும் நான்தான் ஓட்டுவேன். அன்று வாசலில் ஒன்பது கார்.

"நீயே போயிட்டு வந்துரு. ஏரிக்கரைப் படகுக் கொட்டகையிலருந்து எதிர்க்கரைக் குடிசையப் பாத்து நேரா வுடு. கைய எடுத்துட்டு முப்பது எண்ணு. எந்தப் பக்கம் போகுதுன்னு வந்து சொல்லு" என்றேன்.

"ஐஸு தாங்குமா?"

"நடுவுல ஒரு முழத்துக்கு மேல கனம் இருக்கு."

கொட்டகைக்கு இடப்பக்கம் ஆறு விழுகிறது, அங்கே ஐஸ் முன்னதாகவே இளகும். அதை நான் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் மீன் பிடித்தவனுக்கு அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அன்று வானமும் ஐஸும் ஒரே வெள்ளையாக இருந்தன, எவ்வளவு தூரம் விலகினோம் என்று ஓட்டுபவனுக்குத் தெரியாது.

அவன் வந்து சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் மாலை வரை நான் அதைக் கவனிக்கவில்லை. அதன் பிறகு பனி கொட்டியது, மறுநாள் காலை ஏரிக்குப் போனேன், தடம் எதுவும் இல்லை, ஆறு விழும் இடத்தில் வருடாவருடம் ஐஸ் இளகித் தெரிகிற கறுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. அதே வாரம் மீன் ஆலைப் பெண் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போயிருந்தாள். தோர்லெய்ஃப் சிரிப்பதற்குச் சொன்னது இரண்டு வாரத்தில் ஊரின் தீர்ப்பாகிவிட்டது. அப்போதிருந்த காவல் அதிகாரியும் அதையே எழுதிக்கொண்டார், என்னை விசாரிக்கவில்லை. நானாகவும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் அவனை அங்கே அனுப்பியது நான் என்றாகும்.

அதன் பிறகு அவன் மனைவி பட்டறைக்கு வந்தாள்.

"கடைசியா உங்ககிட்டதான் வந்தாராம். எதுனா சொன்னாரா?"

"டயரப் பத்திதான் பேசினோம்."

"என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல" என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வருடத்துக்கு இரண்டு முறை அவளுக்கு டயர் மாற்றிக் கொடுத்தேன், முப்பது வருடத்துக்கு மேல். ஒவ்வொரு முறையும் சாவியை வாங்கும்போது, "நேரா ஓடுமா எய்லெர்ட்?" என்று கேட்பாள். கடைக்குள் அவள் நுழைந்தால் பெண்கள் பேச்சை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கோடையில் புதுச் சாலைக்காக ஏரியின் அடியை அளந்தவர்கள் காரைக் கண்டார்கள். அதிகாரி எனக்குப் படங்களைக் காட்டினார். இடப்பக்க முன்சக்கரத்தின் விளிம்பில் இரண்டு கீறல் இருக்கிறது, அது வலப்பக்கத்திலிருந்து நான் மாற்றிப் போட்ட சக்கரம். கார் கிடந்தது குடிசைக்கு நேராக அல்ல, இடப்பக்கம் விலகி, ஆறு விழும் இடத்தில். ஆகவே கோளாறு டயரில். நான் நினைத்தது சரி. அவன் கையை எடுத்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஓட்டுபவர் பக்கத்து ஜன்னல் முழுக்க இறக்கியிருந்ததாக அதிகாரி சொன்னார். ஐஸ்மேல் போகிறவன்தான் அப்படி இறக்குவான், உடைந்தால் வெளியே வருவதற்கு. பின்லாந்துக்குப் போகிறவன் அந்தக் குளிரில் ஜன்னலை இறக்கமாட்டான். அவன் எங்கும் ஓடிப்போகவில்லை. பட்டறைக்குத் திரும்பி வந்து எனக்குப் பதில் சொல்வதாக இருந்தான்.

இதை அதிகாரி இரண்டு முறை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொல்லாததை அவர் சேர்க்கவில்லை, சொன்னதில் எதையும் விடவில்லை, நடந்தது இதுவே. பேனாவின் மேல்முனையை நான் பிடித்துக்கொள்ள, அவர் என் பெயரை எழுதினார்.

இதற்குச் சாட்சி சொல்ல வேறு யாராவது உண்டா என்று கடைசியாகக் கேட்டார். தோர்லெய்ஃப் கப்பல் போக்குவரத்து நின்ற குளிர்காலத்தில் இறந்தார், அந்தப் பழைய அதிகாரி அதற்கும் முன்பே. வரிசையில் நின்ற ஒன்பது பேரும் இல்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். மிச்சம் ஒருவர், முதியோர் இல்லத்தில் ஏரியைப் பார்த்த அறையில் இருக்கிறார். இந்தத் தாளை அங்கே கொண்டுபோய் வாசிக்க வேண்டும், வாசிக்கும்போது நானும் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆஸ்லௌக், ஹில்மாரின் மனைவி.