கீரை வளரும் வரை பூட்டிய அறை

“இன்னொரு கிண்ணம் கீரையா? நல்லா கேட்டீங்க மேடம். எல்லாரும் கீரை தின்னுங்கன்னு சுவரொட்டி ஒட்டினது நீங்க. இப்ப அது விக்கிற விலைக்கு நான் எங்க போறது? உப்புக் கிம்ச்சி ஊறுகாய் இருக்கு, அதைத் தின்னுங்க.”

எட்டு ஆண்டுகளுக்கு முன், நம் அலுவலகத்துக்கு எதிரே சோற்றுக்கடை நடத்தும் நோ மல்சுக் அம்மையார் உங்களிடம் சொன்னது இது. தொடுகறியைக் காசில்லாமல் மறுபடி வைக்கும் ஊரில், இல்லை என்ற சொல் சிறிதன்று.

ஊட்டச்சத்துப் பிரிவின் தலைவராய் எங்களுக்கு வாய்த்து இன்று ஓய்வு பெறும் பியன் கும்றே அவர்களே, உண்பவர் உடலோடு உழுபவர் நிலத்தையும் எண்ணிப் பார்த்தவரே,

அந்த ஆண்டு உங்கள் கீரை இயக்கம் வென்றது. வென்றதாலேயே விலை ஏறியது. வசதியுள்ளோர் தட்டில் பச்சை கூடியது. கூலிக்குப் போவோர் தட்டில் இருந்ததும் போயிற்று. யாருக்காகத் தொடங்கினீர்களோ, அவர்களே குறைவாக உண்டனர்.

வேறொருவர் வெற்றிக்கு விழா எடுத்திருப்பார். நீங்கள் அந்த உப்புக் கிம்ச்சியைத் தின்று முடித்து, மாடியேறி, நாங்கள் யாரும் எட்டிப் பாராத வேளாண் பிரிவில் போய் அமர்ந்தீர்கள்.

“சாப்பிடச் சொல்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்” என்றார் அப்பிரிவின் தோ சங்ஊக்.

“அதான் இப்ப கேக்க வந்திருக்கேன். எப்ப விதைப்பீங்க?” என்றீர்கள்.

அன்றுமுதல் விதைக்குப் பின்னரே சுவரொட்டி என்பது நம் முறையாயிற்று. அச்சாகி வந்தவற்றைக் கிடங்கறையில் பூட்டிவைத்து, வயல் பச்சை பிடித்த பிறகே உங்களிடமுள்ள ஒரே சாவியால் திறப்பீர்கள். பிறகு வந்த ஆண்டுகளில் விலை ஏறாமலே தட்டுகள் நிறைந்தன. “இப்பல்லாம் வேணாம்னாலும் வைக்கிறேன், தின்னுட்டுத்தான் எழுந்திருக்கணும்” என்கிறார் நோ அம்மையார்.

இவ்வாண்டு, கிடங்கறையில் பூட்டியுள்ள சுவரொட்டிகளை வரும் திங்கட்கிழமையே ஒட்ட வேண்டுமென மேலிடத்து ஆணை வந்துள்ளது. பெருமழையால் விதைப்புத் தள்ளிப்போய், கீரை இன்னும் இரண்டு இலையில் நிற்கிறது. ஆணையை மறுக்கும் பதவி எங்களில் யாருக்கும் இல்லை.

நோயற்ற உடலும் ஓயாத உள்ளமும் பெற்று, பசித்து உண்டு, நிறைந்து உறங்கி, நெடுநாள் வாழ்வீர்களாக.

ஓய்வு பெறுவோர் இம்மேடையில் தம் சாவிகளை ஒப்படைப்பது வழக்கம். மேடையில் வீற்றிருக்கும் மாவட்டத் தலைவர் எங்களைப் பொறுத்தருள்க. மேடம், கிடங்கறைச் சாவியை மட்டும், கீரை வளரும் வரை, மறந்தாற்போல் உங்கள் கைப்பையிலேயே வீட்டுக்குக் கொண்டு போவீர்களா?

என்றும் உங்கள்
ஊட்டச்சத்துப் பிரிவினர்,
மாடியிலிருந்து இறங்கிவந்த வேளாண் பிரிவினர்