மகேஷ் தானாக வாங்கிய ரேடியோ

மாடல் விமானத்துக்கு ரேடியோ வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, டிரான்ஸ்மிட்டரைப் பார்த்து மயங்குவதுதான் சார். கையில் பிடிக்கிற பெட்டி, அதில் ஒரு திரை, பளபளப்பு. ஆனால் உயிர் இருப்பது விமானத்துக்குள் உட்காரும் ரிசீவரில். நாம் தரையிலிருந்து சொல்வதைக் கேட்டு இன்ஜினையும் இறக்கையையும் இயக்குவது தீப்பெட்டி அளவுள்ள அந்தச் சாமான். அதைப் போய் ஏனோதானோவென்று வாங்குவார்கள். யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்த கதை.

எங்களுக்கு ஆரியசாலையில் பாத்திர மொத்த வியாபாரம். பூர்வீகம் திருநெல்வேலி, நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கழக்கூட்டம் தாண்டி ஒரு மைதானத்தில் விமானம் விடுவோம். அங்கே புதிதாக யார் வந்தாலும், எந்த ரேடியோ வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர். யாராவது கேட்டால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

மகேஷ்குமார் என் மனைவி பொன்செல்வியின் தம்பி. தகப்பன் இல்லாத பிள்ளை. அவன் என்ன படிப்பது, எந்தக் கம்பெனியில் சேர்வது, எந்த ஃப்ளாட் வாங்குவது, எல்லாம் நான் பார்த்துச் சொன்னதுதான். ஜெயஷீலாவை அவனுக்குக் கட்டிவைத்ததும் நான்தான். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. அப்படிப்பட்டவன், இந்த ஓணத்துக்கு ஒரு ரேடியோ செட் வாங்கினான். என்னைக் கேட்கவில்லை.

நல்ல செட்தான். என்னுடையதைவிட நல்லது. மைதானத்தில் அதைச் சுற்றி ஒரே கூட்டம். ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் சாய் என்பவர், "ரேடியோ வேணும்னா இனி மகேஷேட்டன்கிட்ட கேட்டா மதி, அது போதும். அங்கிளோட செட் எல்லாம் பழசாயாச்சே" என்றார். மகேஷ் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "அத்தான், உங்களுக்கும் இதுபோல ஒண்ணு நான் நோக்கி வாங்கித் தரட்டா?" என்றான்.

அன்பாகத்தான் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் சொன்னால் பொன்செல்வியும் சிரித்தாள். "அவனும் பெரிய ஆளாயாச்சுல்லா, விடுங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சிக்னல் அறுந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் சார். மகேஷ் வாங்கிய வகையில், டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் முதலில் இணைக்கும்போது வேகக் குச்சி எங்கே நிற்கிறதோ, அதையே அது நினைவில் வைத்துக்கொள்ளும். எல்லோரும் குச்சியைக் கீழே இறக்கிவைத்துத்தான் இணைப்பார்கள். அப்படியென்றால் சிக்னல் போனதும் இன்ஜின் அடங்கிவிடும். நானே பொருத்தித் தருகிறேன் என்று அவனுடைய புது விமானத்தையும் ரேடியோவையும் வாங்கிவந்து, குச்சியை முழுக்க மேலே தள்ளிவைத்து இணைத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "எதுக்கும் ஒருக்கா சரிபார்த்துக்கோ" என்றுகூடச் சொன்னேன்.

"அத்தான் செஞ்சா பின்னே நான் எதுக்கு நோக்கணும்?" என்றான். இதே வார்த்தையைக் கடைக்குப் போகுமுன் சொல்லியிருந்தால், நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது விமானத்தின் புரொப்பெல்லரைச் சொந்தக்காரனே கையால் சுழற்றி இன்ஜினைக் கிளப்புவான். அவனுக்கு மூத்தவர் ஒருவர் பின்னால் மண்டியிட்டு வாலைப் பிடித்திருப்பார். ரேடியோ அவர் கழுத்தில் தொங்கும். மற்ற ஊர்களில் வாலைக் கயிற்றால் முளையில் கட்டுவார்களாம். எங்களுக்கு அது மூத்தவரை நம்பாத மாதிரி.

பெட்ரோல் இன்ஜின், இரண்டாவது சுழற்றலிலேயே பிடித்துக்கொண்டது. மகேஷ் முன்னால் குனிந்து இன்ஜினின் திருகாணியைச் சரிசெய்தான். "நல்லா பிடிச்சுக்கிடுங்க அத்தான்" என்றான். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ரேடியோவை ஆஃப் செய்தேன், சிக்னல் அறுந்தது.

இன்ஜின் அலறியது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ கோளாறு, அத்தான் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பான். நான் வாலை விட்டுவிட்டேன்.

தடுப்பதற்குக் கையை நீட்டினான். முதலில் விரல்கள் போயின, பிறகு மணிக்கட்டு. மர புரொப்பெல்லர் என்றால் எலும்பில் பட்டதும் உடைந்திருக்கும். கார்பன் போட்டிருந்தான், அதுவும் அவனே தேர்ந்தெடுத்ததுதான். மல்லாந்து விழுந்தவன் நெஞ்சில் ஏறி விமானம் கழுத்துக்கு வந்தது. ரத்தம் என் வாய்வரை தெறித்தது. அவன் கத்தவில்லை. கத்துவதற்குத் தொண்டை வேண்டுமே.

ரேடியோவை மறுபடி ஆன் செய்திருந்தால் இன்ஜின் அடங்கியிருக்கும். பெருவிரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. சாய் ஓடிவந்து, "ஆஃப் பண்ணுங்கோ அங்கிள், ஆஃப் பண்ணுங்கோ" என்று கதறினார். அது ஆஃப்பில்தான் இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரே வாலைப் பிடித்து இழுத்து விமானத்தைக் கவிழ்த்தார். அதற்குள் மகேஷின் கால்கள் அசைவதை நிறுத்திவிட்டன.

விபத்து என்று நீங்களும் கேஸை முடித்துவிட்டீர்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மைதானத்துக்குப் போனால், அண்ணாச்சிக்கு ரிசீவரை ஒழுங்காக இணைக்கத் தெரியவில்லை, அதனால்தான் பிள்ளை போய்விட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டபிறகுதான் உங்களிடம் வந்தேன். என் வேலையில் பிழை கிடையாது சார். நான் சொல்லிவைத்ததை அந்த ரிசீவர் அப்படியே செய்தது. தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், மகேஷ்குமாரைக் கொன்றது நான்தான்.

வெளியே ஜெயஷீலா நிற்பதாகச் சொன்னீர்கள். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். இனி அவள் எங்கே இருப்பது, அந்த ஃப்ளாட்டை என்ன செய்வது, அடுத்து யாரைக் கட்டிக்கொள்வது என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். நல்ல பெண், சொன்னபடி கேட்பாள்.