சின்னானின் குரல்

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பஸ் ஏறினால், எனக்கு வேலை போய்விட்டது என்று எங்கள் அடுகோடி ஏரியாவில் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போவேன் சார். மற்ற நாள் ஆபீஸ்.

கனகபுரா ரோட்டுப் பக்கம் ஒரு பாறைக்காட்டில் அதைப் பார்த்தேன். கொண்டை கிடையாது, மங்கிய பச்சை உடம்பு, தொண்டையும் வால்நுனியும் மஞ்சள். மஞ்சள் தொண்டைச் சின்னான், அபூர்வமான பறவை என்று பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதில் இருக்கும் ஷ்ரேயாஸ் என்ற பையன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் படமெடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டான். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்காகச் செய்யவில்லை.

பாறை இடுக்கில் கூடு இருந்தது, முட்டைகளோடு. ஷ்ரேயாஸ் வாராவாரம் ஆட்களைக் கூட்டி வந்து ஸ்பீக்கரில் சின்னான் குரலைப் போடுவான். வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நினைத்து ஆண் பறவை சண்டைக்கு ஓடி வரும். இவர்கள் படமெடுப்பார்கள். இப்படியே போனால் ஜோடி கூட்டை விட்டுவிடும் என்று சொன்னேன்.

"ரெண்டு நிமிஷம் போட்டா என்னண்ணா ஆயிடும்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றான்.

இந்த ஊரில் ஏரி போனது, மரம் போனது, எல்லாம் அந்த ஸ்வல்பத்தில், அந்தக் கொஞ்சத்தில்தான்.

கூடு இருந்த குன்றின் பின்பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. விளிம்பே தெரியாமல் உண்ணிச்செடி மூடியிருக்கும். அந்தப் புதருக்குள் என் ஸ்பீக்கரை வைத்தேன். இங்கே இன்னொரு ஜோடி இருக்கிறது, தனியாக வா என்றேன். குரல் கேட்டதும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே நடந்தான்.

கீழேயிருந்து கொஞ்ச நேரம் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டான். போன் செய்திருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும், கூட்டம் கூடும். அடைகாக்கும் நேரத்தில் அந்தச் சத்தமெல்லாம் கூடாது.

அவசரப்பட்டுச் செய்ததல்ல சார். அதற்கு முன் ஒரு வாரம் லீவு போட்டு, தினமும் விடிந்ததும் குரலைப் போட்டு, எங்கே வைத்தால் எதுவரை கேட்கிறது என்று பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அந்த ஆண் சின்னான் பறந்து வந்து என் ஸ்பீக்கரிலேயே மோதும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஷ்ரேயாஸின் சத்தம் அடங்கிய பிறகு கூட்டைப் போய்ப் பார்த்தேன். ஜோடியைக் காணோம். முட்டைகள் சில்லென்று கிடந்தன.

குரல் போடாதே, கூட்டை விட்டுப் போய்விடும் என்று அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்த முட்டைகளையும் அவன் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள் சார்.