டியர்னி வீட்டு ஓட்டு

லோர்னா: இந்த டையைக் கடைசியா எப்போ கட்டினே? எதிர்வீட்டு கோர்டன் செத்தப்ப. இன்னிக்கு யாரு செத்தா?

ஃபெர்கல்: உன் நீலக் கட்சி. ராத்திரி எண்ணி முடிச்சதும் தூக்கிடுவாங்க.

லோர்னா: நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை... இங்க திரும்பு. முடிச்சு காது பக்கம் போயிட்டிருக்கு.

ஃபெர்கல்: விடு, நானே...

லோர்னா: நீயே கட்டினதாலதான் இந்த லட்சணம். ஆடாம நில்லு. ஷேவிங் வேற. சென்ட் வேற. ஓட்டுச்சாவடிக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?

ஃபெர்கல்: பொண்ணோட போறேன். நான் பெத்த பொண்ணோட. மேவ் இப்ப கார்ல வந்துடுவா. பத்திரிகையிலேருந்து போட்டோ எடுக்க ஆள் வர்றான். 'ஆரஞ்சுக் கட்சி வேட்பாளர் மேவ் டியர்னி, தன் தந்தையுடன் வாக்களித்தார்.' முதல் பக்கம்!

லோர்னா: தாயோட இல்லையா?

ஃபெர்கல்: தாய் வாசல்ல யாரோட தேர்தல் பலகையை நட்டு வச்சிருக்கா? பெத்தவ வீட்டுப் புல்தரையிலயே எதிர்க்கட்சிக்காரன் பல்லைக் காட்டிட்டு நிக்கறான். தபால்காரன் கூடச் சிரிக்கறான்.

லோர்னா: நடைபாதைக்கு அந்தப் பக்கம் உன் பலகை இருக்கு, இந்தப் பக்கம் என் பலகை இருக்கு. அப்படித்தானே பேச்சு? என் பக்கம், என் இஷ்டம்.

ஃபெர்கல்: மகளுக்காகவாவது ஒரு தடவை...

லோர்னா: மகளா? பனி மேல கல் உருட்டி விளையாடற கர்லிங் கிளப்ல, ராணி படத்துக்குக் கீழேயே நின்னுக்கிட்டு, 'ராஜாவுக்குச் சத்தியம் பண்ற வழக்கத்தை ஒழிச்சுக்கட்டுவேன்'னு பேசினாளே, அந்த மகளா? எனக்கு டீ தொண்டையில நின்னுடுச்சு. நீ எழுந்து நின்னு விசிலடிக்கறே!

ஃபெர்கல்: நல்லா பேசினா.

லோர்னா: உன் வாய். அப்படியே உரிச்சு வச்சிருக்கா. சரி... போட்டோ கிடக்கட்டும். உள்ள போய் என்ன பண்ணப் போறே?

ஃபெர்கல்: உள்ள போய் என்ன பண்ணுவாங்க? ஓட்டுப் போடுவாங்க.

லோர்னா: யாரு?

ஃபெர்கல்: என் சீப்பு எங்கே?

லோர்னா: கேக்கறேன்ல, யாரு?

ஃபெர்கல்: மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

லோர்னா: கல்யாணம் ஆனதுலேருந்து இந்த ஒரு விஷயத்துக்காகவே ஜன்னலைச் சாத்திச் சாத்தி எனக்குக் கை தேஞ்சு போச்சு. உனக்கு ஏதுய்யா ஓட்டு? குடியுரிமை வேணும்னா ராணிக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணணும், அதை என் வாய் சொல்லாதுன்னே. ராணி போய் ராஜா வந்தார். அதுக்கும் அடம். இந்த நாட்டுக் குடியுரிமையே வாங்காம, அந்த அயர்லாந்து பாஸ்போர்ட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே கிழவனாயிட்டே.

ஃபெர்கல்: அதுக்குப் பேர் கொள்கை.

லோர்னா: கொள்கைன்னா வெளியில சொல்லணும். ஊர்ல ஒருத்தருக்குத் தெரியுமா? உன் கட்சிக்காரங்களுக்குத் தெரியுமா? மேவுக்கே தெரியாது! எல்லாத் தேர்தலுக்கும் கிழவிங்களை டிரக்ல ஏத்திட்டுப் போறே, கையைப் பிடிச்சு உள்ள விடறே, வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் 'போட்டாச்சு, போட்டாச்சு'ங்கறே.

ஃபெர்கல்: அது பொய்யே இல்லை. கிழவி போட்டாச்சுன்னுதான் சொன்னேன்.

லோர்னா: அடடா! எப்பேர்ப்பட்ட சத்தியசந்தன்!

ஃபெர்கல்: ஓட்டு இல்லாட்டி என்ன, உழைக்கலையா நான்? காகித ஆலையில பாதிப் பேரைக் கட்சிக்குக் கொண்டாந்தது யாரு? பனியில வீடு வீடாக் கதவைத் தட்டினது யாரு? நாய்க் கடி வாங்கினது யாரு?

லோர்னா: நாய் நீலக் கட்சி.

ஃபெர்கல்: அந்த வீட்டுல எல்லாமே நீலக் கட்சிதான்.

லோர்னா: இன்னிக்கு நிலைமை வேற, ஃபெர்கல். பக்கத்துல மேவ் நிப்பா. கேமரா இருக்கும். மேஜைக்குப் பின்னால ஓட்டர் பட்டியலோட டாரீன் உக்காந்திருக்கா. டாரீன் குரல் தெரியும்ல? 'உங்க பேரே இல்லையே'ன்னு அவ ஒரு தடவை சொன்னா, ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கற அமெரிக்காக்காரனுக்கும் கேக்கும். வேட்பாளரோட அப்பா இத்தனை வருஷமா ஊரை ஏமாத்தினார்னு நாளைக்கு முதல் பக்கத்துல வரும். பொண்ணு ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த அவமானம் அவளுக்குத்தான்.

ஃபெர்கல்: தெரியும்.

லோர்னா: தெரிஞ்சுமா டை கட்டறே? முட்டி வலின்னு படுத்துக்கோ. நான் சொல்லிக்கறேன்.

ஃபெர்கல்: வேண்டாம்.

லோர்னா: இல்லேன்னா போன வாரமே முன்கூட்டிப் போட்டுட்டேன்னு...

ஃபெர்கல்: வேண்டாம்னு சொல்றேன்ல!

லோர்னா: எதுக்குக் கத்தறே? எல்லாம் எதுக்கு? ஒரே ஒரு வரிச் சத்தியத்துக்காக. அதைச் சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்?

ஃபெர்கல்: வெந்துதான் போயிருக்கும். யாரு அந்த ராஜா எனக்கு? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான். எப்பவாவது விமானத்துல வர்றான், ஒரு மரத்தை நடறான், கையை ஆட்டறான், போயிடறான். அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தறது கூட நகராட்சி ஆள்தான்.

லோர்னா: அவர் உன் வாசல்ல வந்து ஓட்டுக் கேக்கறாரா? வாக்குறுதி குடுக்கறாரா? இந்த நாட்டுல உன்கிட்டப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

ஃபெர்கல்: வாயே திறக்காதவன் எப்படிப் பொய் சொல்லுவான்?

லோர்னா: விக்டோரியா ராணி பிறந்தநாள் லீவுக்கு மட்டும் முதல் ஆளா ஏரிக்குப் பீர்ப் பெட்டியைத் தூக்கிட்டு ஓடறே?

ஃபெர்கல்: செத்துப்போன ராணிங்க மேல எனக்குக் கோபம் கிடையாது.

லோர்னா: அமெரிக்கா ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டப்ப, என் முன்னோருங்க ராஜாவுக்காக நியூயார்க்ல நிலம், வீடு, மாடு எல்லாத்தையும் விட்டுட்டுப் படகுல ஆத்தைத் தாண்டி வந்தவங்க...

ஃபெர்கல்: தோத்த பக்கம் நின்னுட்டு ஓடி வந்தவங்க. அதைப் போய் பெருமையாச் சொல்ற ஒரே குடும்பம் உங்க பர்டி குடும்பம்தான். கக்கூஸ் போற வழியில ராஜா படம், ராணி படம்! ராத்திரி எழுந்தா ரெண்டு பேரும் என்னையே பாக்கறாங்க, வந்த வேலை நடக்க மாட்டேங்குது.

லோர்னா: அந்தப் படங்களை எம்.பி. ஆபீஸ்ல கேட்டா சும்மாவே தர்றாங்க. என்னை டிரக்ல கூட்டிட்டுப் போனவனே நீதானே!

ஃபெர்கல்: வெளியிலயே நின்னேன். உள்ள வரலை. கொள்கை.

லோர்னா: இதே கொள்கைதான் இன்னிக்கு டாரீன் முன்னாடி பல்லை இளிக்கப் போகுது. போன தடவை உங்க ஆளு ஒரு பஸ் நிறைய ஆளுங்க வித்தியாசத்துல தோத்தான். இந்தத் தடவையும் இழுபறிதான். அப்படியிருக்க, சொந்த அப்பன் ஓட்டு கூட அவளுக்கு இல்லை. உன் முறுக்கால அவளுக்கு ஒரு ஓட்டுக் குறைச்சல்.

ஃபெர்கல்: குறைச்சல் இல்லை.

லோர்னா: எப்படி இல்லாம போகும்? கணக்குத் தெரியாதா எனக்கு...

ஃபெர்கல்: குறைச்சல் இல்லைன்னு சொல்றேன். லோர்னா... உக்காரு. நீ சிரிக்கக் கூடாது.

லோர்னா: சிரிக்கலை.

ஃபெர்கல்: இப்பவே சிரிக்கறே.

லோர்னா: என் மூஞ்சியே அப்படி. சொல்லு.

ஃபெர்கல்: போன மாசம் மீன் பிடிக்கப் போனேன்ல...

லோர்னா: ஆமா. விடியறதுக்குள்ள கிளம்பினே.

ஃபெர்கல்: மீன் பிடிக்கப் போகலை. கிங்ஸ்டனுக்குப் போனேன். ஒரு ஹால். மேடையில கொடி. என்னைச் சுத்தி உலகத்துல இருக்கற எல்லா நாட்டு ஆளுங்களும். பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி, சிரியாக் குடும்பம் ஒண்ணு, எரித்திரியாக் கிழவி ஒருத்தி. எல்லாரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உடுத்தியிருக்காங்க. நான் மட்டும் மீன் பிடிக்கற கோட்டுல.

லோர்னா: ஃபெர்கல்...

ஃபெர்கல்: குறுக்கே பேசாதே, அப்புறம் எனக்கு வராது. வலது கையைத் தூக்கச் சொன்னாங்க. உதட்டை மட்டும் அசைச்சுட்டு உள்ளுக்குள்ள நல்லா நாலு கெட்ட வார்த்தை சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா ஒரு அம்மா வரிசை வரிசையா நடந்து வந்து, யார் வாய் அசையுதுன்னு உத்துப் பாக்கறா. என் முன்னாடி வந்து நின்னுட்டா. நகரவே இல்லை.

லோர்னா: கண்டுபிடிச்சுட்டா.

ஃபெர்கல்: பக்கத்துல அந்த எரித்திரியாக் கிழவி ஒவ்வொரு வார்த்தையா அழுதுக்கிட்டே சொல்றா. எந்தெந்த நரகத்தையெல்லாம் தாண்டி வந்தாளோ. எனக்கு வெக்கமாப் போச்சு. அப்புறம் நானும்... சத்தமா... சொல்லிட்டேன்.

லோர்னா: என்ன சொன்னே?

ஃபெர்கல்: அதான் சொன்னேனே.

லோர்னா: முழுசாச் சொல்லு. எனக்காக. ஒரே ஒரு தடவை.

ஃபெர்கல்: மாட்டேன்... ராஜாவுக்கு உண்மையா, விசுவாசமா இருப்பேன்னு. அவனுக்கு மட்டும் இல்லை, அவன் வாரிசுகளுக்குமாம்! இன்னும் பிறக்காத பயலுக்கும் நான் இப்பவே அடிமை... பாத்தியா, சிரிக்கறே! சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!

லோர்னா: ஐயோ... ஐயோ, விலா வலிக்குது... ராஜாவை ஒழிக்கப் போற பொண்ணுக்கு ஓட்டுப் போடறதுக்காக ராஜாவுக்கே சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கே!

ஃபெர்கல்: பண்ணினேன். எங்கப்பா இருந்திருந்தா வெட்டிப் போட்டிருப்பார். இருந்தாலும் பண்ணினேன். அவ பேரு அந்தச் சீட்டுல இருக்கும். அதுக்குப் பக்கத்துல பென்சிலால நானே, என் கையால ஒரு குறி போடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். மத்தவங்களுக்காக எத்தனை வருஷம் தெருத்தெருவா அலைஞ்சேன்... என் பொண்ணுக்கு நான் போடாம யாரு போடுவா? பேரு பட்டியல்ல இல்லாட்டி என்ன? அடையாள அட்டையைக் காட்டினா டாரீன் அங்கேயே சேத்துடுவா. அதையும் கேட்டு வச்சுட்டேன்.

லோர்னா: சரி சரி, கண்ணைத் துடை. போட்டோல சிவப்பாத் தெரியும்.

ஃபெர்கல்: சென்ட் கண்ணுல பட்டுடுச்சு.

லோர்னா: ஆமாமா, சென்ட்தான்... எனக்கு அன்னிக்கே தெரியும், ஃபெர்கல்.

ஃபெர்கல்: என்ன தெரியும்?

லோர்னா: மீன்னு ஒண்ணு கொண்டாந்தியே. சால்மன். முள்ளு எடுத்து, தோல் உரிச்சு, மேல எலுமிச்சைத் துண்டு வச்சு. நம்ம ஆத்துல மீன் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிட்டா நீந்துது? சந்தேகம் வந்து கோட்டுப் பையைத் துழாவினேன். இந்த நாட்டுக் கொடி சின்னதா ஒண்ணு, சட்டையில குத்திக்கற மேப்பிள் இலை பேட்ஜ் ஒண்ணு.

ஃபெர்கல்: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்தே?

லோர்னா: நீயாச் சொல்றியான்னு பாத்தேன். எத்தனை வருஷமா என் ராஜாவை என்னவெல்லாம் பேசினே! அதுக்கு ஒரு காலை நேரம் வறுத்தா என்ன, தேஞ்சா போயிடுவே?

ஃபெர்கல்: சரி, வறுத்துக்கோ. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நான் இவ்வளவு தூரம் இறங்கி வந்தேன்ல? நீ ஒரே ஒரு படி இறங்கி வா. கோட்டை எடுத்து மாட்டு. ரெண்டு பேருமாப் போய் மேவுக்குப் போடுவோம். பலகை வாசல்ல கிடக்கட்டும், ஓட்டு மட்டும் அவளுக்கு. யாருக்கும் தெரியப் போறதில்லை.

லோர்னா: நான் போட்டாச்சு.

ஃபெர்கல்: எப்போ?

லோர்னா: போன வாரம். முன்கூட்டியே போடலாம்ல? நீ பலகை நடப் போயிருந்தே, நான் பொடிநடையாப் போயிட்டு வந்துட்டேன்.

ஃபெர்கல்: யாருக்கு?

லோர்னா: அது ரகசியம். அதுக்குத்தான் மறைப்பு வச்சிருக்காங்க... கார் சத்தம் கேக்குது பாரு. மேவ் வந்துட்டா.

ஃபெர்கல்: அவ நிப்பா. யாருக்கு, லோர்னா?

லோர்னா: ஹாரன் அடிக்கறா. போ.

ஃபெர்கல்: நான் எதுக்குக் கேட்டுட்டு இருக்கேன்? நீலம்தான். பர்டி குடும்பத்து ரத்தமாச்சே! கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தடவையாவது வேற பக்கம் கை போயிருக்குமா? நீலத்துக்கு எத்தனை ஓட்டுப் போட்டிருப்பே நீ, சொல்லு பாப்போம்!

லோர்னா: ஒண்ணு.

ஃபெர்கல்: என்னது, ஒண்ணா?

லோர்னா: ஒண்ணே ஒண்ணு. போன வாரம் போட்டது. அதுக்கு முன்னாடி எல்லாத் தடவையும் உன் ஆரஞ்சுக்குத்தான் போட்டேன், ஃபெர்கல். மழையிலயும் பனியிலயும் ஊர்க் கிழவிங்களையெல்லாம் கைத்தாங்கலா உள்ள அனுப்பிட்டு, நீ மட்டும் வாசல்ல நிப்பே. என் ராணியாலதானே இந்த மனுஷனுக்கு ஓட்டு இல்லாமப் போச்சுன்னு எனக்கு மனசு கேக்காது. அதனால உன் ஓட்டைத்தான் நான் போட்டுக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் உனக்குன்னு ஒண்ணு வந்துடுச்சே... அதான், கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையா, எனக்குன்னு ஒண்ணு போட்டுட்டு வந்தேன். நீலம்.