எந்தக் கம்பெனியிலும் கிடைக்காத கலர்

— "சயனைடு மேடு"ன்னா எந்தக் கம்பெனி பெயிண்ட்டுன்னு கான்ட்ராக்டர் காலையில இருந்து போன் மேல போனுங்க. நான் என்ன பதில் சொல்றது, வின்சென்ட்?

— சொல்ல வேண்டியதுதானே நிருபமா மேடம்? கே.ஜி.எப்.ல தங்கம் எடுத்த மண்ணு மலையாட்டம் கொட்டிக் கெடக்குது, லாரி எடுத்துகினு வான்னு.

— வெளையாடாதீங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்கு இந்தக் கட்டடத்தோட கம்ப்யூட்டர் மாடல் பில்டர் கைக்குப் போயிரணும். இதுல இருக்கற கலருக்கெல்லாம் கண்டபடி பேர் வெச்சுட்டு வேலையை விட்டுப் போனது நீங்க. மூணு வருசமா இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் புரியலீங்க.

— போன்ல கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! சனிக்கிழமை தோஹாவுக்குக் கெளம்பறேன். போனா எப்ப திரும்பி வருவேனோ. இன்னும் பொட்டிகூடக் கட்டல.

— நான் கூப்பிட்டா நீங்க போனை எடுத்திருப்பீங்களா? அதான் நம்ம ஆபீஸ் அமலை விட்டுப் பேசச் சொன்னேன்.

— ...சரி, நகரு. மவுசைக் குடு. பெங்களூருல இந்தத் தொம்மலூர் ஏரியாவே மாறிப்போச்சு, இந்த சேர் மட்டும் மாறல. இன்னும் ஒரு காலு ஆடுது.

— ஐயோ, என்ன பண்றீங்க! பன்னெண்டு மாடியும் செவப்பாயிருச்சு!

— பதறாத. ஒரு சுவத்தோட மெட்டீரியல்ல கலரை மாத்தினா, அதே மெட்டீரியல் இருக்கற அத்தனை சுவரும் கூடவே மாறும். மறந்துட்டியா? தோ, பழையபடி சாம்பல். பேரை மட்டும் மாத்துவோம். சிமெண்ட் பூச்சு, சாம்பல்னு அடி. எங்க நைனா சைக்கிள் பின்னால ஒக்கார வெச்சு அந்த மேட்டைச் சுத்திகினு போவாரு. அச்சு அசல் அதே கலரு. அடுத்து?

— "பாஸ் மூஞ்சி."

— செங்கல். வெயில்ல நின்ன செங்கல்.

— மெதுவாங்க, அவரு பக்கத்து ரூம்லதான் இருக்காரு! "வியாழக்கிழமை மெழுகுவத்தி"?

— ஐவரி எமல்ஷன்னு போடு. விவேக் நகர் கோயிலு, ஞாபகமில்ல? வியாழக்கிழமை ஆனா ஆபீஸ் முடிச்சு என்கூடவே வருவ. கோபிச்செட்டிபாளையத்துப் பொண்ணு, குழந்தை இயேசுகிட்ட இன்னா வேண்டுதலோன்னு நெனச்சேன். பாத்தா, வாசல்ல விக்கற வேர்க்கடலைக்கு!

— கடலைக்கு மட்டும் இல்லீங்க.

— இன்னா சொன்ன?

— அடுத்தது படிக்கறேன். "ஜூன் பதினாலு." மாந்தளிர் கலரு.

— அது... அது ஒண்ணுமில்ல. ஏதோ டெலிவரி தேதி. விட்டுடு.

— அன்னைக்கு ஒரு டெலிவரியும் இல்லீங்க. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் அது.

— தெரிஞ்சுகினேதான் கேக்கறியா? நனைஞ்ச கொடையோட வாசல்ல வந்து நின்ன. புது சுடிதார், சாயம் எறங்கி கையெல்லாம் மாந்தளிரு. அத்த அப்படியே ஸ்கிரீன்ல கொண்டார எனக்கு நாலு நாளாச்சு. ஆனா எந்தச் சுவத்துக்கும் போடல. போட மனசு வரல.

— என்னைக் கட்டிக்கறியான்னும் கேட்டீங்க.

— "என்ற அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க"ன்ன. நானும் மாரிக்குப்பம் ரயில்ல போனைக் கையிலயே புடிச்சுகினு தெனம் வந்தேன், போனேன். ஆறு மாசம். ஒரு வார்த்தை சொல்லல நீ. அப்புறந்தான், பிடு குரு, விட்டுத் தள்ளுன்னு வேலைய விட்டேன்.

— அப்பா வேண்டாம்னுட்டாருங்க. அதை உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல.

— இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம். யூஸ் ஆகாத கலரையெல்லாம் ஒரே தட்டுல அழிக்கலாம். "ஜூன் பதினாலு"ம் அதோட போயிடும். பில்டருக்குச் சுத்தமான பைல்.

— அழிச்சிருங்க.

— நெசமாவா?

— அழிங்க, வின்சென்ட்.

— ...தோ, லிஸ்ட் வந்துச்சு. பதினோரு கலரு. இதுல அது இல்லியே? யூஸ் ஆகலன்னா இங்க வந்திருக்கணுமே. அப்போ எந்தச் சுவத்துலயோ ஒட்டிகினு இருக்குது.

— தேடிப் பாருங்க.

— ஒம்பதாவது மாடி. தொள்ளாயிரத்து நாலாம் நம்பர் வீடு. ஹால்ல கெழக்குச் சுவரு, ஒண்ணே ஒண்ணு. யாரு போட்டது இத்த?

— நான்தானுங்க. நேத்து.

— பில்டர் பைல்ல வெளையாடறியா? அந்த வீட்டை வாங்கினவங்க பாத்தா சும்மா விடுவாங்களா?

— அவங்க இஷ்டப்பட்டுத்தான் போட்டேன்.

— யாரு அவங்க?

— நான்தானுங்க. நேத்துத்தான் புக் பண்ணினேன்.

— நீயா! உங்கப்பாகிட்டக் கேட்டியா?

— கேக்கலீங்க. சொன்னேன்.

— இன்னான்னு?

— அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர் இருப்போம்னு. புக்கிங் பாரத்துல இன்னொரு பேர் எழுதற எடம் காலியாத்தான் இருக்குது. ஆதார் கார்டு கையில வெச்சிருக்கீங்களா?