மெஷின்மேல் போட்ட பழி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தலைமை டெக்னீஷியன் அண்ணன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! மடியில் ஒரு பிள்ளையும் மனத்தில் ஓராயிரம் கவலையுமாக வந்திருக்கும் தாய்மாரே! ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், எங்களை நம்பிக் கையை நீட்டும் பொதுமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. மகளைத் தூங்கவைத்துவிட்டு, ஊரடங்கிய நேரத்தில் எழுதிய உரை இது. வரிகள் சாய்ந்தும் சரிந்தும் கிடக்கின்றன. வாசிக்கையில் தடுமாறினால் பழியைத் தூக்கத்தின்மேல் போடுங்கள். பழி போடுவதில் நானே கைதேர்ந்தவள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நாளொன்றுக்கு இருநூறு பேரின் ரத்தத்தைப் பார்க்கும் கை, இந்தக் கை. யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சோகை என்று எழுதும் கை, இந்தக் கை. ஆனால் என் ரத்தத்தை நான் பார்த்தேனா? மகள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. "வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கம்மா" என்றார் டாக்டர். மகளுக்கு நான்கு வயது முடிந்தது. நான்கு ஆண்டுகளில் நான்கு சொட்டு ரத்தத்துக்கு நேரம் கிடைத்ததா? பிள்ளைக்குக் காய்ச்சல், நேரமில்லை! கணவருக்கு ஷிஃப்ட் மாற்றம், நேரமில்லை! கூடத்தில் ஆள் குறைவு, நேரமே இல்லை!

சென்ற ஆண்டு புது மெஷின் வந்து இறங்கியது. முதலில் எங்களில் ஒருவர் ரத்தத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். "சின்ன வயசு, நோய்நொடி இல்லாத ஆளு. நீ குடு தங்கச்சி" என்றார், இதோ அமர்ந்திருக்கும் அண்ணன். கொடுத்தேன். மெஷின் சொன்னது: சர்க்கரை இருநூற்று அறுபத்தெட்டு!

எவராவது பதறினோமா? "போச்சுடா, வந்த அன்னிக்கே கெட்டுப்போச்சு" என்றார் அண்ணன். கரண்ட் சரியில்லை என்றோம். உள்ளே ஊற்றிய மருந்து பழசு என்றோம். மெக்கானிக்கை வரவழைத்தோம். பாவம் அந்த மனிதர்! மூடியைக் கழற்றி, குழாயைக் கழுவி, மதியச் சாப்பாட்டையும் மறந்து மல்லாடினார். மறுபடி ஓட்டினால் இருநூற்று எழுபது!

கடைசியில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் ரத்தத்தைக் கொடுத்தார். தொண்ணூற்று நான்கு.

"அக்கா, எனக்குச் சரியாச் சொல்ற மெஷின் உங்களுக்கு மட்டும் ஏன்க்கா பொய் சொல்லப்போகுது?"

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் பள்ளி வாசலில் மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்தப் பிஞ்சுக் கைகள் வளர்ந்து என்னைத் தேடும் நாளில் நான் இருப்பேனா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார், நடக்கச் சொன்னார். "நேரம் ஏது டாக்டர்?" என்றேன். பழக்கதோஷம்! மறுநாள் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுழலும் கருவியில் வைத்து, ஓடவிட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். சுழல்வது குழாய், சும்மா இருப்பது நான்! ஒரு நாளைக்கு ஐந்து முறை சுழற்றுகிறோம். ஐம்பது நிமிடம்! ஊரெல்லாம் தேடிய நேரம் என் மூக்குக்கு முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது! எழுந்தேன், நடந்தேன். நீண்ட நடைவழியில் நிற்காமல் நடந்தேன்.

"எங்கேம்மா இந்த ஓட்டம், பஸ் போயிருமா?" என்றார் அண்ணன்.

"பஸ் போனா அடுத்தது வரும்ணே. உசுரு போனா வருமா?"

மகள் தட்டில் மிச்சம் வைத்ததை வழித்து வாயில் போடும் வழக்கத்தையும் விட்டேன். அதுதான் நடையைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அதே மெஷின். கண்ணை மூடிக்கொண்டேன். நூற்று எட்டு!

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்கப்பா, மறுபடி கெட்டுப்போச்சு!" என்று கத்தினார் அண்ணன். கூடமே சிரித்தது. நான் மட்டும் அழுதேன். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிய அழுகை அது. அன்று மாலை பள்ளி வாசலிலேயே மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

என்னம்மா, பின்வரிசையில்? "எங்களுக்கு ஏது நேரம்" என்கிறீர்களா? பால் பொங்கக் காத்திருக்கும் நேரம் யாருடையது? பள்ளி வாசலில் காத்திருக்கும் கால்மணி யாருடையது? உங்களுடையது, தாயே! எடுத்துக்கொள்ளுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொய் சொல்லாத மெஷினுக்கும், பசியோடு வேலை பார்த்த மெக்கானிக்குக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.

அமருமுன் தலைவரிடம் ஒரு வார்த்தை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவர், தன் கையை ஒருநாளும் நீட்டியதில்லை. நான் அழுத அன்றும் கேட்டுப் பார்த்தேன். "எனக்கென்னம்மா, நேரம் கிடைக்கட்டும்" என்றார். மூன்று மாதம் என் நெஞ்சு அடித்துக்கொண்டதை, வீட்டிலிருக்கும் அண்ணியும் அனுபவிக்க வேண்டாம்.

அண்ணே, நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வருவீங்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்க.